சூரியப் புள்ளிக்குள் காற்று வீசும் திசையைக் கண்டுபிடித்தவர்: கொடைக்கானலின் ஜான் எவர்ஷெட் யார்?

2024 மே 10, 11 இரவுகளில் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. அங்கிருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கேமராக்களில் அந்தச் சிவப்பு பதிவானது. அடுத்த நாள் காலையில் அந்தப் படங்கள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றின. நார்வே, ஐஸ்லாந்து என்று லட்சக்கணக்கில் செலவு செய்து போய்ப் பார்க்கும் துருவ ஒளி, நம் நாட்டிலேயே தெரிந்துவிட்டதே என்று பலருக்கு ஆச்சரியம்.

அப்போது இயல்பாகவே ஒரு கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டில் தெரியுமா? கள்ளக்குறிச்சி பக்கம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டால், நகர வெளிச்சம் இல்லாத அந்த வானத்தில் ஏதாவது சிவப்பாகத் தெரியுமா?

நேர் பதில்: தெரியாது. ஆனால் அந்த ஒளிக்குக் காரணமான சூரியப் புள்ளிகளைப் பற்றி உலகம் இன்றும் படிக்கும் ஒரு பெரிய கண்டுபிடிப்பு, தமிழ்நாட்டு மலை ஒன்றில்தான் நடந்தது. மலை கொடைக்கானல். ஆண்டு 1909. கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

சூரியனின் மேற்பரப்பில் காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும் இடங்கள் கொஞ்சம் குளிர்ந்து, கறுப்பாகத் தெரியும். இவைதான் சூரியப் புள்ளிகள். பேர்தான் புள்ளி. பெரிய புள்ளிக் கூட்டத்துக்குள் பல பூமிகளை அடுக்கி வைக்கலாம். 2024 மே மாதப் புயலுக்குக் காரணமான கூட்டம், பூமியின் விட்டத்தைப் போல சுமார் 15 மடங்கு அகலம் கொண்டது.

அங்கே முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலம் திடீரென்று அறுந்து இணையும்போது சூரியச் சுடர்கள் வெடிக்கும். சில நேரம் மின்னேற்றம் கொண்ட வாயு பெரும் மேகமாகக் கிளம்பி பூமிப் பக்கம் வரும். பூமியின் காந்தப்புலம் அதைத் துருவப் பகுதிகளை நோக்கித் திருப்பும். அங்கே வளிமண்டலத்தின் உயரத்தில் ஆக்சிஜன், நைட்ரஜனோடு துகள்கள் மோதி ஒளி பிறக்கும். அதுதான் துருவ ஒளி.

கல்வராயன் மலைக்கு ஏன் அது வராது? பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதாவது தமிழ்நாடு, காந்தக் கணக்கில் துருவங்களிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறது. ஹான்லேயில் தெரிந்ததுகூட தலைக்கு மேலே இல்லை. வடக்கே மிகத் தொலைவில், பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் சிந்திய சிவப்பு ஒளியின் மேல் விளிம்பு மட்டும்தான் தொடுவானத்தில் எட்டிப் பார்த்தது. ஹான்லேயிலிருந்து கல்வராயன் மலை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது.

சரி, எவர்ஷெட் கதைக்கு வருவோம்.

வானியல் படிக்காத வானியலாளர்

ஜான் எவர்ஷெட் பிறந்தது 1864 பிப்ரவரி 26. இங்கிலாந்தில் சர்ரே பகுதியின் கோம்ஷால் என்ற ஊர். பல்கலைக்கழகத்துக்குப் போய் வானியல் படித்தவர் இல்லை. எண்ணெய்களையும் ரசாயனப் பொருட்களையும் சோதித்துப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. பகலில் சம்பளத்துக்கு வேலை, மிச்ச நேரத்தில் சூரியன்.

1890-ல் கென்லி என்ற இடத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அமைத்தார். சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் இருக்கும் கறுப்புக் கோடுகளை அளப்பதுதான் அவருடைய ஆர்வம். அந்தக் கோடுகள் சூரியனில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும். அந்த வாயு எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் சொல்லும். இந்த இரண்டாவது விஷயம்தான் பின்னால் அவரைப் பிரபலமாக்கியது.

அவருடைய நண்பரும் வானியலாளருமான ஆர்தர் ரான்யார்ட் 1894-ல் இறந்தபோது, தன்னுடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கு விட்டுச் சென்றார். கருவி கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தானே செய்து, தானே பழுதுபார்த்துக் கற்றுக்கொண்டார். கருவியைக் கையால் செய்யும் இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. இன்னொரு பழக்கமும் கூடவே இருந்தது: பட்டாம்பூச்சி சேகரிப்பது.

நார்வேயில் மேகம், இந்தியாவில் வெற்றி

1896 ஆகஸ்ட் 9 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரிட்டிஷ் வானியல் சங்கத்தினர் நார்வேயின் வட கோடியில் இருக்கும் வாட்சோவுக்குக் கப்பலில் போனார்கள். இன்று துருவ ஒளிக்காகச் சுற்றுலாப் பயணிகள் போகும் அதே ஆர்க்டிக் பகுதிதான். எவர்ஷெட்டும் போனார். கிரகண நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. ஆராய்ச்சிக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

ஆனால் அந்தப் பயணத்தில்தான் அவர் மேரி ஆக்வொர்த் ஆரைச் சந்தித்தார். மேரிக்கும் வானியலில் ஆழமான ஈடுபாடு. பத்து வருடம் கழித்து, 1906-ல், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதற்கு முன்பே எவர்ஷெட் இந்தியாவுக்கு ஒரு முறை வந்து போனார். 1898 ஜனவரி 22 கிரகணத்தைப் பார்க்க, இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் தால்னிக்கு வந்தார். இந்த முறை வானம் ஏமாற்றவில்லை. சூரியன் மறையும் கணத்தில் சில வினாடிகள் மட்டுமே மின்னும் நிறமாலையை அவர் நல்ல முறையில் படம் பிடித்தார். பொழுதுபோக்காகச் சூரியனைப் பார்த்த ஒருவர், தொழில்முறை வானியலாளர்கள் கவனிக்கும் ஆளாக மாறியது அதற்குப் பிறகுதான்.

கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் ஏன் வந்தது?

இதுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பதில் மழையில் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. பருவமழை பொய்த்து, பல லட்சம் பேர் இறந்தார்கள். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் இருக்கும் சேலம், மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. கிழக்குப் பக்கம் இருக்கும் கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019-ல்தான். இன்றைக்கும் கோமுகி அணைக்குத் தண்ணீர் வருவதும் வராததும் கல்வராயன் மலையில் பெய்யும் மழையைப் பொறுத்ததுதான்.

மழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அந்தக் காலத்தில் ஒரு யோசனை பரவலாகப் பேசப்பட்டது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. பஞ்சம் வந்த காலத்தில் புள்ளிகள் மிகக் குறைவு. அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ? நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும் 1877-லேயே சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்துக் கட்டுரை எழுதினார்கள். சூரியனைத் தினமும் கவனித்தால் பருவமழையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை அரசு மட்டத்திலும் வளர்ந்தது.

அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1895-ல் அடிக்கல், 1899-ல் வேலை ஆரம்பம். சென்னை வானாய்வு நிலையத்தில் இருந்த மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். வானிலைத் துறையின் கீழ்தான் அது இயங்கியது.

1907 ஜனவரி: மலை ஏறிய தம்பதி

மிச்சி ஸ்மித்துக்கு ஒரு உதவியாளர் தேவைப்பட்டார். இங்கிலாந்தின் மூத்த வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், எவர்ஷெட்டின் பெயரைச் சொன்னார். 42 வயதில், பட்டம் இல்லாத ஒருவருக்கு முதல் முறையாக வானியலில் அரசு வேலை கிடைத்தது.

வரும் வழியில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்துக்குப் போய் ஜார்ஜ் எல்லெரி ஹேலைச் சந்தித்தார். சூரிய ஆய்வில் அந்தக் காலத்தின் பெரிய பெயர் ஹேல். பிறகு ஜப்பான் வழியாகப் பயணித்து, 1907 ஜனவரியில் எவர்ஷெட் தம்பதி கொடைக்கானல் வந்து சேர்ந்தார்கள். அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது.

ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி ஏற்கெனவே இருந்தது. சூரிய ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டி, அந்த நிறத்தில் முழுச் சூரியனையும் படம் எடுப்பது அதன் வேலை. எவர்ஷெட் அதைச் சரியாக வேலை செய்ய வைத்தார். தானே ஒரு நிறமாலைமானியையும் அமைத்தார். வானம் தெளிவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் படம் எடுப்பது வழக்கமானது. கொடைக்கானலில் காலை நேரத்தில் காற்று அசையாமல் இருக்கும், படம் நடுங்காது. அந்த நேரத்தை அவர் விடவே இல்லை.

1909 ஜனவரி 5: தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

1908-ல் ஹேல் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சூரியப் புள்ளிகளுக்குள் வலுவான காந்தப்புலம் இருக்கிறது. புயல் சுழல்வது போல வாயு சுழல்வதால் அந்தக் காந்தப்புலம் வருகிறது என்பது அப்போதைய எண்ணம். எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் எதிர்பார்த்தார்.

சோதிக்கும் முறை எளிது. கள்ளக்குறிச்சி பைபாஸில் ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சத்தம் கீச்சென்று ஏறும், கடந்து போனதும் சத்தத்தின் சுதி இறங்கும். ஒளிக்கும் இதே கதைதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும்.

1909 ஜனவரி 5 அன்று அவர் பெரிய புள்ளிகளின் நிறமாலையை எடுத்தார். புள்ளியின் கறுப்பு நடுப்பகுதியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், இழை இழையாக ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால் சுழற்சி இருந்தால் எப்படி நகர வேண்டுமோ அப்படி நகரவில்லை. சூரியனின் மையத்தைப் பார்த்த பக்கம் நீலத்துக்கும், சூரிய விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்புக்கும் போயிருந்தன. புள்ளி சூரியனின் நட்ட நடுவில், நமக்கு நேராக இருக்கும்போது நகர்வு காணாமல் போனது.

இதற்கு ஒரே விளக்கம்தான் பொருந்தியது. வாயு சுற்றிச் சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிநோக்கி, கிடைமட்டமாக ஓடுகிறது. வேகம் வினாடிக்கு சுமார் 2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்விடலாம்.

உலகமே சுழற்சியை எதிர்பார்த்த நேரம் அது. கருவியில் கோளாறு என்று அவர் ஒதுக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக வேறு வேறு புள்ளிகளில், சூரியனின் வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். எல்லாம் ஒரே பதிலைச் சொன்னதும் அதை ஆய்வக வெளியீட்டில் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் விரிவாக ஆராய்ந்து இதை உறுதிப்படுத்தினார். கூடவே, சூரிய வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் ஓட்டம் தலைகீழாக, உள்நோக்கி இருப்பதையும் காட்டினார்.

இன்று உலகம் முழுக்க இதன் பெயர் எவர்ஷெட் விளைவு. சூரியப் புள்ளி பற்றிய எந்தப் பாடநூலிலும் இது இருக்கும். வெப்ப ஓட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து இந்த ஓட்டத்தை எப்படி உருவாக்குகின்றன என்பது இப்போதும் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி.

மேரியின் பங்கு

கொடைக்கானலில் நடந்த வேலையை ஒருவருடைய வேலையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். சூரிய விளிம்பில் தீப்பிழம்பு போல எழும் பிதுக்கங்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்து, ஜானும் மேரியும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வறிக்கை எழுதினார்கள். 1917-ல் வெளியான அதில் இருவர் பெயரும் இருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் படைப்பில் இருக்கும் வானியலைப் பற்றி மேரி எழுதிய நூல் 1914-ல் வந்தது. அந்த நேரத்தில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தது கொடைக்கானலில்.

தினமும் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து, கழுவி, அளந்து, அட்டவணை போட்ட இந்திய உதவியாளர்களின் உழைப்பும் அந்தப் பதிவுகளில் அடங்கியிருக்கிறது. கண்டுபிடிப்புக்குப் பெயர் ஒருவருடையது. தொடர்ச்சிக்குப் பின்னால் பலர்.

இயக்குநர் ஆன பிறகு: வெற்றியும் தோல்வியும்

1911-ல் மிச்சி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் இயக்குநர் ஆனார். ஹைட்ரஜன் ஒளியில் சூரியனைப் படம் எடுக்க இன்னொரு கருவியைத் தானே உருவாக்கினார். 1915-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1918-ல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் என்று அங்கீகாரங்கள் வந்தன. கொடைக்கானலைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று பார்க்க, காஷ்மீரில் தற்காலிக ஆய்வகம் போட்டு ஆராய்ந்தார்.

ஐன்ஸ்டைன் சொன்னபடி சூரியனின் ஈர்ப்பால் ஒளிக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்றும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். மிக மிகச் சிறிய நகர்வு அது. சூரியனில் வாயு ஓடுவதால் வரும் நகர்வும் அதோடு கலந்துவிடும். பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

1922 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரைக்கு முழுக் கிரகணம் பார்க்கப் போனார். அங்கே அமெரிக்கக் குழு ஐன்ஸ்டைனுக்குச் சாதகமான நல்ல படங்களோடு திரும்பியது. எவர்ஷெட்டின் கருவி சரியாக ஓடவில்லை, வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த ஆண்டு, 1923-ல் ஓய்வு.

மழைக் கணக்கு என்ன ஆச்சு?

ஆய்வகம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் எதிர்பார்த்த விடை இல்லை.

எவர்ஷெட் காலத்தில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கணித வல்லுநர். சூரியப் புள்ளி எண்ணிக்கையையும் மழை அளவையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பருவமழையைக் கணிக்கும் அளவுக்கு வலுவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. வேறு இடத்தில் தேடிய வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளின் காற்றழுத்தம் ஊசல் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். இன்று எல் நினோ பற்றிய செய்திகளில் நாம் படிப்பது அதன் தொடர்ச்சிதான்.

ஆக, மழைக்கான விடை கடலில் கிடைத்தது. சூரியனைப் பார்க்கப் போட்ட பணம் வீணா? அதுவும் இல்லை.

அந்தக் கண்ணாடித் தகடுகளின் இன்றைய மதிப்பு

1904 முதல் கொடைக்கானலில் எடுத்த சூரியப் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. டிஜிட்டல் வடிவத்துக்கும் மாற்றப்பட்டுள்ளன. ஒரே இடத்திலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ச்சியாகச் சூரியனைப் பதிவு செய்த ஆவணங்கள் உலகில் மிகக் குறைவு. அடுத்த சூரியச் சுழற்சி எப்படி இருக்கும் என்று கணிப்பவர்களுக்கு இந்தப் பழைய படங்கள் வேண்டும்.

ஏன் அவ்வளவு முக்கியம்? 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கடித்தது. 2024 மே புயலில் ஜிபிஎஸ் பிழையானதால், அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் டிராக்டர்களை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பஞ்சத்தைக் கணிக்க முடியாத சூரியப் புள்ளி, நூற்றைம்பது வருடம் கழித்து வேறொரு வழியாக வயலுக்கு வந்து சேர்ந்தது. கல்வராயன் மலையில் வானம் சிவக்காமல் இருக்கலாம். ஆனால் அங்கே போனில் மேப் பார்ப்பவர் நம்பியிருப்பதும் அதே செயற்கைக்கோள்களைத்தான். இந்தியா 2023 செப்டம்பரில் ஆதித்யா-எல்1 விண்கலத்தை அனுப்பியதற்கும் இது ஒரு காரணம்.

ஓய்வு பெற்றவர் ஓயவில்லை

இங்கிலாந்து திரும்பிய எவர்ஷெட், சர்ரேயில் யூஹர்ஸ்ட் என்ற ஊரில் மறுபடி சொந்த ஆய்வுக்கூடம் கட்டினார். தொடங்கிய இடத்துக்கே திரும்பியது போல, அரசு சம்பளம் இல்லாமல், தானே கருவி செய்து சூரியனைப் பார்த்தார். 1949-ல் மேரி இறந்தார். எண்பது வயதைத் தாண்டியும் அவருடைய அளவீடுகள் நிற்கவில்லை. 1956 நவம்பர் 17 அன்று, 92 வயதில் ஜான் எவர்ஷெட் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டி 2008 டிசம்பரில் இந்தியா தபால் தலை வெளியிட்டது.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

வடதுருவ ஒளிக்காகக் கல்வராயன் மலையில் காத்திருக்க வேண்டாம். நட்சத்திரங்களுக்காகப் போகலாம், அதற்கு அருமையான இடம். சூரியப் புள்ளி பார்க்க மலையே ஏற வேண்டாம். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டால், பெரிய புள்ளி இருக்கும் நாளில் மொட்டை மாடியிலிருந்தே கடுகளவு கறுப்பாகத் தெரியும். வெறும் கண்ணாலோ, பைனாகுலராலோ, எக்ஸ்ரே ஃபிலிம் வைத்தோ பார்த்துவிடாதீர்கள். பார்வை போய்விடும். கொடைக்கானல் போனால் போட்டிங் முடித்துவிட்டு ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.